பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை

அந்த ஆஸ்பத்திரிப் பிரிவில் எனக்கு இன்னும் நான்கு வேலைநாட்கள் பாக்கி இருந்தன. திங்கள் முதல் வியாழன் வரை. நீல அட்டை போட்ட பயிற்சிப் புத்தகத்தில் நாற்பத்தொரு கையெழுத்து வேண்டும், முப்பத்தெட்டு வாங்கியிருந்தேன். மீதி மூன்றும், கடைசிப் பக்கத்தில் ‘தேர்ச்சி’ என்ற கட்டத்துக்கு எதிரே மேற்பார்வை நர்ஸ் போடவேண்டிய கையெழுத்தும் வந்துவிட்டால் நர்சிங் மேற்படிப்பின் முதல் ஆண்டு முடிந்தது. அதைக் காட்டித்தான் மனைவியும் மகளும் இங்கே வர அனுமதி கேட்க முடியும். அது வராவிட்டால் படிப்பு நின்றுவிடும். படிப்பு நின்றால் நான் இந்த நாட்டில் இருப்பதற்கான காகிதமும் செல்லாது.

மனைவி தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. மகளுக்கு ஆறு வயது. பிள்ளையின் டி.சி.யை மனைவி முன்கூட்டியே வாங்கிவிட்டாள். தன் ராஜினாமாக் கடிதத்தையும் எழுதி, தேதி மட்டும் போடாமல் கைப்பையில் வைத்திருந்தாள்.

“நாலு நாள்தானே? முடிச்சிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் குடுத்துடுறேன்” என்றாள் ஞாயிற்றுக்கிழமை.

“சொல்றேன். அவசரப்படாதே.”

“அவசரமா? பதினோரு மாசம் ஆச்சு. உங்க பொண்ணு போன்ல வர்றவர்தான் அப்பான்னு நினைச்சிட்டிருக்கா.”

நான் இருந்த அறைக்கு ஒரே ஜன்னல். அது பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்து இருந்தது. அறையின் இன்னொரு கட்டில் ‘வக்கீல்’ உடையது. உண்மையில் அவன் பிசியோதெரபிஸ்ட். எதைச் சொன்னாலும் எதிர்வாதம் செய்வதால் அந்தப் பெயர். அதே ஆஸ்பத்திரியில் வேறு பிரிவில் அவனும் பயிற்சியில் இருந்தான். என்னைவிட ஐந்து வயது சின்னவன். என்னை ‘அண்ணே’ என்பான். என் மேற்பார்வை நர்ஸை ‘உங்க மாமியார்’ என்பான்.

“உங்க மாமியார் இன்னைக்கு என்ன குத்தம் கண்டுபிடிச்சாங்க?” என்று மாலையில் கேட்பான்.

குற்றம் பெரும்பாலும் ஒன்றேதான். ஊரில் ஒன்பது வருடம் நர்ஸாக இருந்தவன் நான். அறுபது படுக்கைக்கு இரண்டு பேர். நோயாளிகள் என்னை ‘பிரதர்’ என்பார்கள். நான் பெரியவர்களை ‘ஐயா’, ‘அம்மா’ என்பேன். ஏட்டில் படுக்கை எண் இருக்கும், அது போதும். இங்கே அப்படி இல்லை. ஒவ்வொரு மாத்திரைக்கும், ஒவ்வொரு வாய் உணவுக்கும் முன்னால் நோயாளியிடம் அவருடைய முழுப் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்கவேண்டும். காலை எட்டு மணிக்குக் கேட்ட அதே மனிதரிடம் பத்து மணிக்கு மறுபடியும் கேட்கவேண்டும். என் அப்பா வயதில் இருப்பவரிடம் போய், நேற்றெல்லாம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, உங்கள் பெயர் என்ன என்று விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. போலீஸ்காரன் வேலைபோல் இருந்தது.

அதனால் ஒரு வழி செய்துகொண்டேன். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்து, அதில் கட்டியிருக்கும் பெயர்ப் பட்டையைச் சத்தமில்லாமல் படித்துவிடுவேன். பதினோரு வாரம் அது நன்றாகத்தான் நடந்தது.

“நீங்க பட்டையைப் படிக்கிறது எனக்குத் தெரியும்” என்பார் மேற்பார்வை நர்ஸ். ஐம்பது வயதிருக்கும். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. “ஆனா அவரு வாயால சொல்லணும். கேக்குறது மரியாதைக் குறைவு இல்லீங்க. கேக்காம விடுறதுதான்.”

“சரிங்க மேடம்” என்பேன். அடுத்த கட்டிலில் மறுபடியும் மணிக்கட்டைப் பிடிப்பேன்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போனேன். சனி, ஞாயிறு எனக்கு விடுமுறை. அந்த இரண்டு நாளில் நான்கு படுக்கை அறையில் இரண்டு பேர் புதிதாக வந்திருந்தார்கள். இருவரையும் நான் முன்பு பார்த்ததில்லை. கையில் கொடுத்த தாளில் இப்படி இருந்தது: மூன்றாம் படுக்கை, ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், சிறுநீரகக் கல், எல்லாம் சாப்பிடலாம். நான்காம் படுக்கை, தையல்காரர், பக்கவாதம், விழுங்குவதில் சிரமம், கெட்டியாக்கிய தண்ணீர் மட்டும்.

பக்கவாதம் வந்தவர்களில் சிலருக்குச் சாதாரணத் தண்ணீர் உணவுக்குழாய்க்குப் போகாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அதனால் ஒரு மாவைக் கலந்து, கூழ் பதத்துக்குக் கொண்டுவந்து, கரண்டியால் கொடுப்பார்கள். நான்காம் படுக்கைக்கு மேலே அந்தப் படம் போட்ட அட்டை தொங்கியது. எல்லாம் ஒழுங்காக இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது.

எட்டு மணிக்கு மூன்றாம் படுக்கைக்குப் போனேன். ஒல்லியான பெரியவர். விழித்துக்கொண்டு மேல்கூரையைப் பார்த்திருந்தார். நாடி பார்க்கக் கையைப் பிடித்தேன். மணிக்கட்டில் பட்டை இல்லை. மற்றக் கையில் ஊசி குத்தியிருந்தது, அதிலும் இல்லை. கை வீங்கியதால் பட்டையைக் கத்தரித்துக் காலில் கட்டியிருந்தார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. கால் போர்வைக்குள் இருந்தது.

பெயரைக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவரால் பதில் சொல்லியிருக்க முடியாது. அந்த ஒன்றே போதும், நான் நின்றிருப்பேன். நான் கேட்டது, “எப்படி இருக்கீங்கப்பா?” என்று. அவர் தலையை அசைத்தார். பிறகு கண்ணால் மேசைமேல் இருந்த தண்ணீர்க் கூஜாவைக் காட்டினார்.

முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்தி, ஒரு டம்ளர் தண்ணீரை உதட்டருகே பிடித்தேன். என் கையின்மேல் தன் கையை வைத்து, அவசர அவசரமாக, முழு டம்ளரையும் குடித்தார். குடித்து முடித்ததும் இருமல் வந்தது. முகம் சிவந்து, கண்ணில் நீர் வழிந்து, இரண்டு நிமிடம் இருமினார். நான் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

நான்காம் படுக்கையில் போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்தியிருந்தவர் எட்டிப் பார்த்தார்.

“அவருக்கு அதைக் கொடுக்கலாமா தம்பி? நேத்தெல்லாம் கரண்டில என்னமோ பசை மாதிரில்ல கொடுத்தாங்க.”

“நீங்க…?”

“நான் அந்த இடத்துலதான் இருந்தேன். பாத்ரூம் பக்கத்துல இருக்கட்டும்னு விடியக்காலையில என்னை இங்க தள்ளிட்டு அவரை அங்க விட்டுட்டாங்க. நாப்பது வருஷம் நான் பஸ் ஓட்டினேன், இப்ப என்னைக் கட்டிலோட ஓட்டுறாங்க.” தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டுப் போர்வைக்குள் போய்விட்டார்.

நான் தண்ணீர் கொடுத்தவர்தான் தையல்காரர், பக்கவாதத்தில் பேச்சும் போயிருந்தவர். கட்டில்களை மாற்றியவர்கள் அட்டையை மாற்றவில்லை, தாளையும் திருத்தவில்லை. ஆனால் டம்ளர் என் கையில் இருந்தது.

மேற்பார்வை நர்ஸ் வெளியே நடையில், பத்தடி தூரத்தில், மருந்து வண்டியருகே நின்றிருந்தார். போய்ச் சொல்ல ஒரு நிமிடம் ஆகாது.

ஊரில் என்னோடு ஒரு பெண் வேலை பார்த்தாள். ஒரு நாள் ஒருவருக்கு ஏற்றவேண்டிய பாட்டிலை இன்னொருவருக்கு மாட்டிவிட்டு, தானாகவே போய் டாக்டரிடம் சொன்னாள். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் டாக்டர் அவளை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துப் பேசியதை உறவினர்கள் கேட்டார்கள். அவர்கள் கூட்டமாக வந்தார்கள். ஒரு வாரத்தில் அவள் வேலையை விட்டுப் போனாள். அதற்கப்புறம் எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்துவிட்டது. தவறு நடந்தால் வாயைத் திறக்காதே. நோயாளியை விட்டு நகராதே. கூடவே இருந்து பார், ஏதாவது மாறினால் அப்போது டாக்டரைக் கூப்பிடு. இதை நாங்கள் ஏமாற்று வேலையாக நினைக்கவில்லை. பொறுப்பு என்று நினைத்தோம். பல பேரை அப்படிக் காப்பாற்றியும் இருக்கிறோம்.

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நாலாக மடித்தேன். நேரம், மூச்சு, காய்ச்சல், ரத்தத்தில் ஆக்சிஜன் என்று நான்கு கோடு கிழித்தேன். எட்டு பத்து: மூச்சு பதினெட்டு, காய்ச்சல் இல்லை, ஆக்சிஜன் தொண்ணூற்றாறு. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்ப்பது என்று முடிவு செய்தேன். அட்டையைக் கழற்றி அவருடைய தலைக்கு மேல் மாட்டினேன். தண்ணீர்க் கூஜாவை எடுத்துவிட்டேன். பிறகு அவருக்குக் கரண்டியால் கெட்டித் தண்ணீர் கொடுத்தேன். அவர் வாயை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினார்.

எட்டு இருபத்தைந்து, எட்டு நாற்பது, எட்டு ஐம்பத்தைந்து. என் பொறுப்பில் இன்னும் இரண்டு நோயாளிகள் இருந்தார்கள். அவர்களுக்கும் எதுவும் குறை வைக்கவில்லை. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன்போல் ஓடினேன். ஒரு முறை நடையில் மேற்பார்வை நர்ஸ் நிறுத்தினார்.

“இன்னைக்கு ரொம்ப சுறுசுறுப்பா இருக்கீங்க.”

“ஆமாங்க மேடம்.”

“தையல்காரர் எப்படி இருக்காரு?”

“நல்லா இருக்காரு.”

அது பத்து மணி சுமாருக்கு. ஆக்சிஜன் அப்போது தொண்ணூற்றாறிலேயே நின்றது. நான் சொன்னது பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பன்னிரண்டு பத்துக்குப் பார்த்துவிட்டு, பன்னிரண்டு இருபத்தைந்துக்குள் திரும்பிவிடலாம் என்று உணவறைக்குப் போனேன். வக்கீல் ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தான். நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன்.

“யாராவது பாத்தாங்களா?” என்றான்.

“டிரைவர் பாத்தாரு. அவருக்கு ஒண்ணும் புரியல.”

“பெரியவர் எப்படி இருக்காரு?”

“இதுவரைக்கும் சரியா இருக்கு.”

“அப்புறம் என்னண்ணே? இன்னும் மூணு நாள். மாமியார் கையெழுத்துப் போட்டா அண்ணி ஃப்ளைட் ஏறுறாங்க. நீங்களே போய் மாட்டிக்கிட்டு, நான் தப்பு பண்ணிட்டேன்னு கழுத்தை நீட்டுவீங்களா?”

“அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா?”

“ஆச்சுன்னா அப்ப சொல்லுங்க. ஆகாததுக்கு எதுக்குத் தூக்குல தொங்கணும்?” கொஞ்ச நேரம் மென்றுவிட்டுத் தானே எதிர்வாதமும் செய்தான். “ஆனா ஒண்ணு. ஆகுறதுக்கு முந்தி சொன்னா ஒரு மாதிரி, ஆனப்புறம் சொன்னா வேற மாதிரி. அதையும் யோசிச்சுக்குங்க.”

“இதுல எதைத்தான் செய்யச் சொல்றே?”

“நான் பிசியோண்ணே. காலை நீட்டு, மடக்குன்னு சொல்றவன். என்னைக் கேட்டா?”

பன்னிரண்டு இருபத்துநாலுக்குத் திரும்பிவிட்டேன். தொண்ணூற்றைந்து.

ஒன்று பத்துக்குத் தொண்ணூற்றுநான்கு. மூச்சு இருபது. ஒன்று ஐம்பத்தைந்துக்குத் தொண்ணூற்றுமூன்று, மூச்சு இருபத்துநான்கு. நெஞ்சில் காது வைக்காமலே கரகரப்புக் கேட்டது. இரண்டு பத்துக்குத் தொண்ணூற்றொன்று. காய்ச்சல் முப்பத்தெட்டு டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தது. பெரியவர் என்னைப் பார்த்தார். காலையில் கூஜாவைப் பார்த்த அதே அமைதியான பார்வை.

நேராக மருந்து வண்டியருகே போய் எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்கவில்லை. மடித்த தாளையும் கொடுத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்தத் தாளைக் கொடுக்கும்போது எனக்குள் கொஞ்சம் பெருமை இருந்தது. விட்டுவிட்டு ஓடியவன் இல்லை நான், நிமிடம் தவறாமல் காவல் இருந்திருக்கிறேன் என்று அது சொல்லும் என நினைத்தேன்.

மேற்பார்வை நர்ஸ் முதலில் டாக்டரைக் கூப்பிட்டார். ஆக்சிஜன் வைத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், மருந்து ஏறத் தொடங்கியது. அதெல்லாம் பத்து நிமிடத்தில். அதற்கப்புறம்தான் தாளைப் பிரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை படித்தார்.

“எட்டு பத்துக்கே உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“இருபத்தஞ்சு தடவை பாத்திருக்கீங்க.”

“ஆமாங்க.”

“இருபத்தஞ்சு தடவையும் என்னைத் தாண்டித்தான் போயிருக்கீங்க.”

கண்ணாடியைக் கழற்றினார்.

“எட்டு பத்துக்குச் சொல்லியிருந்தா இந்த மருந்து காலையிலயே ஏறியிருக்கும்” என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை, அவர் தாளைப் பத்திரமாக மடித்துக் கோப்பில் வைத்தார்.

மூன்று மணிக்குப் பெரியவரின் மகள் பார்க்க வந்தாள். என் வயதுதான் இருக்கும். இங்கே தவறு நடந்தால் உறவினரை உட்காரவைத்து நேரடியாகச் சொல்லிவிடுகிறார்கள். டாக்டர் சொன்னார், நான் பக்கத்தில் நின்றேன். கூட்டம் வரும், சட்டையைப் பிடிப்பார்கள் என்று உடம்பு தன்பாட்டில் தயாராகி நின்றது. அவள் ஒருத்திதான் வந்திருந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“நீங்கதான் கொடுத்தீங்களா?”

“ஆமா.”

“எவ்வளவு குடிச்சாரு?”

“ஒரு டம்ளர். முழுசா.”

“வந்ததுலேர்ந்து பச்சைத் தண்ணிக்கு அழுதுட்டிருந்தாரு. நான் கொடுக்கலை” என்றாள். அதற்குமேல் அவள் என்னைப் பார்க்கவில்லை.

மறுநாள் முதல் பிரிவுக்கு வரவேண்டாம் என்றார்கள். புதன்கிழமை பதினொரு மணிக்குக் கல்லூரி அலுவலகத்தில் ஓர் அறை; மேற்பார்வை நர்ஸும் எங்கள் படிப்புத் தலைவரும் இருந்தார்கள். தலைவர் பொறுமையான மனிதர். கட்டிலை மாற்றியவர்கள் மேலும் விசாரணை நடக்கிறது என்றார். தண்ணீர் கொடுத்தது மட்டும் என்றால் ஒரு அறிக்கை, ஒரு வாரக் கூடுதல் பயிற்சி, அதோடு போயிருக்கும் என்றார்.

“அப்ப எதுக்காக?” என்று கேட்டேன்.

“அந்த ஆறு மணி நேரத்துக்காக.”

மேற்பார்வை நர்ஸ் மேசையைப் பார்த்தபடி சொன்னார். “உங்க கை நல்ல கை. எனக்கு உடம்பு முடியலைன்னா நீங்க பக்கத்துல இருந்தா நிம்மதியா இருக்கும். ஆனா நான் அடுத்த ரூம்ல இருக்கும்போது நீங்க இந்த ரூம்ல இருந்தா எனக்கு நிம்மதி இருக்காது. அந்தக் கையெழுத்துக்கு அதுதான் அர்த்தம்.”

‘தேர்ச்சி இல்லை’ என்ற கட்டத்துக்கு எதிரே கையெழுத்துப் போட்டார். அடுத்த ஆண்டு மாணவர்களோடு சேர்ந்து மறுபடியும் முயலலாம். ஆனால் அதற்குப் பத்து மாதம் இருந்தது; என் அனுமதி இரண்டு மாதத்தில் முடிகிறது.

வக்கீல் அன்று மாலையே மேல்முறையீடு எழுத உட்கார்ந்தான். “இருபத்தஞ்சு தடவை பாத்த மனுஷனை அலட்சியம்னு எப்படிச் சொல்ல முடியும்? பாயிண்ட் இருக்குண்ணே” என்று மூன்று பக்கம் எழுதினான். வெள்ளிக்கிழமை பதில் தருவதாகச் சொன்னார்கள்.

வியாழன் வரை தினமும் மாலை மனைவியோடு பேசினேன். செவ்வாயும் புதனும் ஒன்றும் சொல்லவில்லை. வியாழன் அவளே கேட்டாள்.

“கையெழுத்து ஆச்சா?”

“ஒண்ணு ரெண்டு பாக்கி. வந்துடும்.”

“குரல் ஒரு மாதிரி இருக்கே.”

“சளி.”

மேல்முறையீட்டில் சாதகமாக வந்துவிட்டால் அவளுக்கு எதற்கு இந்தக் கலக்கம், முதலில் பார்த்துக்கொள்வோம், பாதகமானால் அப்போது சொல்வோம் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குப் பதில் வந்தது. ஒரே பத்தி: முடிவில் மாற்றமில்லை. அதைப் படித்துவிட்டு வக்கீல் முதல்முறையாக எதிர்வாதம் செய்யாமல் தன் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டான். அன்று மாலை நான் மனைவியைக் கூப்பிடவில்லை.

சனிக்கிழமை காலையில் மனைவியைக் கூப்பிட்டு, எட்டு பத்திலிருந்து ஆரம்பித்து, வரிசையாக எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் மகள் ஏதோ பாட்டை ஒரே வரியில் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தாள்.

“புதன்கிழமையே முடிவு சொல்லிட்டாங்களா?” என்றாள்.

“ஆமா.”

“நேத்துக் காலையில நான் லெட்டரைக் கொடுத்துட்டேன். ஹெச்.எம். ஒரு மாசம் லீவுல போறாங்க, இன்னைக்கே கொடுத்தாத்தான் கையெழுத்தாகும்னாங்க. நீங்கதான் வந்துடும்னு சொன்னீங்களே.”

“திரும்ப வாங்க முடியாதா?”

“மத்தியானமே வேற டீச்சரைப் போட்டுட்டாங்க. அவங்க வந்து என் அலமாரிச் சாவியை வாங்கிட்டுப் போனாங்க.”

போனை அவள் வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன். திரையில் அழைப்பின் நேரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“நீங்க தப்பு பண்ணினதுக்கு நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்” என்றாள். “யார்தான் பண்ணல? ஆனா மூணு நாள் என்கிட்ட சளின்னு பேசிட்டிருந்தீங்க பாருங்க.”

“உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு…”

“இப்ப எப்படி இருக்கு?”

அவள் மூச்சை இழுத்து விடுவது கேட்டது.

“அந்தப் பெரியவரு எப்படி இருக்காரு?”

“தெரியல. வேற பிரிவுக்கு மாத்திட்டாங்க. நேத்துப் போய்க் கேட்டேன். நீங்க இப்ப இங்க வேலையில இல்ல, சொல்ல முடியாதுன்னுட்டாங்க.”

“உயிரோட இருக்காரான்னு கூடவா?”

“அது கூட.”

மகளின் பாட்டு நின்றது. போனைத் தா, அங்கே போக இன்னும் எத்தனை நாள் என்று அப்பாவிடம் கேட்கவேண்டும் என்று அவள் அம்மாவின் கையைப் பிடித்து இழுப்பது தெரிந்தது.

“இருடி” என்றாள் மனைவி. பிறகு என்னிடம், “இவகிட்டயாவது இன்னைக்கே சொல்லிடுங்க” என்று போனைப் பிள்ளையிடம் கொடுத்தாள்.